ஃபாக் லைட் மாட்டியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை புல்லட் எடுப்பதில்லை

2023 ஜூன் 11, ஞாயிறு

குண்டடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் எழுதியது அப்படியே:

"அண்ணா வணக்கமுங்க. 2013 மாடல் புல்லட், 350, கார்புரேட்டர் வண்டி. மூணு மாசம் முந்தி ஹெட்லைட்டுக்கு 100/90 வாட் பல்பு, ரிலே வயரிங், கூடவே கிராஷ் கார்டுல ரெண்டு எல்.ஈ.டி. ஃபாக் லைட், எல்லாம் ஒரே நாள்ல மாட்டினேனுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை. சனி ராத்திரி பஸ்ல ஊருக்கு வருவேன். ஞாயிறு வெடியால வண்டியை எடுத்தா செல்ஃப் 'டக்'குங்குது, அப்புறம் அதுவும் இல்லை. கிக்கரை உதைச்சு உதைச்சுக் காலு போச்சு. தள்ளி விட்டாலும் எடுக்கறதில்லை. பல்பு பேட்டரியைக் குடிச்சிருச்சுன்னு மாட்டினவரே சொல்றாருங்க. நெசமா?"

நிஜம்தான் தம்பி. 100 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 8 ஆம்பியருக்கு மேல் வருகிறது. உங்கள் பேட்டரி 14 ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு ஆம்பியராக எடுத்தால் 14 மணி நேரம் வரும். வண்டி ஐடிலில் நிற்கும்போது எஞ்சினில் கரண்ட் உண்டாக்குகிற காயில் அவ்வளவு கரண்ட் தராது, குறைகிறதை பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுகிற வண்டியில் இப்படி தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒரு நாள் கை விரித்துவிடும். கிக்கரிலும் எடுக்காததற்குக் காரணம், உங்கள் வண்டியில் பிளக்குக்குப் போகிற கரண்ட்டே பேட்டரியிலிருந்துதான் வருகிறது. என் பழைய 100 சி.சி. வண்டி அப்படியில்லை, அதற்குத் தீப்பொறிக்கென்று தனிக் காயில் இருக்கிறது, பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் கிளம்பும்.

பழைய 60/55 பல்பையே (பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55) திரும்பப் போடுங்கள், பேட்டரியை மாற்றுங்கள். ரிலே வயரிங் இருக்கட்டும், அது நல்லதுதான். ரிலே என்பது சின்னக் கரண்ட் வந்தால் உள்ளே ஒரு காயில் இழுத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச். ஆனால் சரியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்: 30 என்று எழுதிய காலுக்கு பேட்டரி பிளஸ், நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ். 85க்கு எர்த். 86க்கு, பல்பில் சொருகுகிற பழைய ஹெட்லைட் கப்ளரில் வருகிற லைன். நடுவில் இருக்கும் காலில் பல்பு.

நான் மெக்கானிக் இல்லை. உடுமலையில் தளி ரோட்டுப் பக்கம் போர் மோட்டார் வைண்டிங் கட்டுகிறவன். கரண்ட் எங்கே ஓடினாலும் கரண்ட்தான் என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

ஜூன் 12

தப்பு எழுதிவிட்டேன். கோபி ஊர்க்கார அண்ணன் ஒருத்தர் காலையிலேயே பிடித்துவிட்டார். ஐந்து கால் ரிலேயில் நடுவில் இருப்பது 87ஏ. அது ரிலே சும்மா இருக்கும்போதே 30உடன் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பல்பைக் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகு லைட் எரியும், சாவி போட்டால் அணையும். பல்புக்கு 87தான். நாலு கால் ரிலே வாங்கினால் இந்த வம்பே இல்லை. "வைண்டிங்காரரே, பம்புசெட்டை இப்படித்தான் கட்டுவீங்களா"ன்னு வேறு கேட்டிருக்கிறார். அவர் இன்னும் என்னிடம் மோட்டார் கொடுத்ததில்லை, இனிமேல் கொடுக்கவும் மாட்டார்.

ஜூன் 14

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், 60 வாட் பல்பு போதுமா என்று.

போதும். நான் ஒருமுறை பக்கத்துக் கடைப் பையனுடைய வண்டியில் அளந்து பார்த்தேன். பேட்டரி முனையில் 13.6 வோல்ட். பல்பின் காலில் 11.9. அந்த 1.7 வோல்ட் எங்கே போயிற்று? சாவி சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச், நூல் மாதிரி வயர், பச்சை பிடித்த கப்ளர், இவை பங்கு போட்டுக்கொண்டன. ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதைவிட ரொம்பக் குறையும். பத்தில் ஒரு பங்கு வோல்ட் போனால் வெளிச்சத்தில் பத்தில் மூன்று பங்கு போய்விடும். அந்தப் பையன் வண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் வயரிலேயே வெந்துகொண்டிருந்தது. ஒரு ரிலே, ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். வயர், அதே பழைய பல்பு. போட்ட பிறகு ராத்திரி குடிமங்கலம் வரை போய் வந்துவிட்டு, பல்பை மாற்றிவிட்டீர்களா என்று என்னையே கேட்டான்.

100 வாட் போடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளவும். அது பல்பு ஹோல்டரை உருக்கும், ஹெட்லைட் டூமுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டரின் முலாம் மங்கும். பிறகு 200 வாட் போட்டாலும் மாட்டுவண்டி லாந்தர் மாதிரிதான் இருக்கும்.

எல்.ஈ.டி. எப்படி என்று கேட்டவருக்கு: கரண்ட் குறைவு, அது உண்மை. ஆனால் ஹாலஜனுக்கு வார்த்த டூமுக்குள் எல்.ஈ.டி.யைச் சொருகினால் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் விழாது, எதிரே வருகிறவன் கண்ணில் விழும். போன ஆனி மாதம் சாரல் தூறிக்கொண்டிருந்த ராத்திரி, பெதப்பம்பட்டி தாண்டி ஒரு வண்டி அப்படி எதிரே வந்தது. நான் ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிட்டேன். அவன் போன பிறகுதான் தெரிகிறது, எனக்கு முன்னால் பத்தடியில் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று டேஞ்சர் லைட்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

தம்பி எழுதியிருக்கிறார். நேற்று ராத்திரி புது பேட்டரி, பழைய பல்பு. இன்று காலை ஒரே அமுக்கில் எடுத்தது. சொன்னேன் பார்த்தீர்களா.

ஜூன் 25, ஞாயிறு

போன வாரம் எழுதிய கடைசி வரியை யாரும் படிக்க வேண்டாம்.

வண்டி இன்று எடுக்கவில்லை. தம்பி இந்தத் தடவை மல்டிமீட்டர் வாங்கி வந்திருக்கிறார். பேட்டரி முனையில் 5.1 வோல்ட். புது பேட்டரி, ஒரு வாரம்தான் ஆகிறது. வீக்கான பேட்டரி பதினொன்று, பத்தரை என்று காட்டும். 5 காட்டுகிறதென்றால் யாரோ ஒரு வாரமாக உட்கார்ந்து உறிஞ்சியிருக்கிறார்கள். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அவர் எழுதியதிலேயே இருக்கிறது: வாரம் முழுக்க வண்டி நிற்கிறது, ஞாயிறு காலை எடுப்பதில்லை. நிற்கிற வண்டியில் ஹெட்லைட் எப்படி பேட்டரியைக் குடிக்கும்? படித்தேன், ஆனால் கண் 100 வாட்டைப் பார்த்ததும் மீதி மண்டையில் ஏறவில்லை. மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவருக்குச் செலவு வைத்துவிட்டேன். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாராம். அது நல்ல பேட்டரியாகவே இருந்திருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. எங்கள் தொழிலில் சீரிஸ் லேம்ப் என்று ஒன்று உண்டு. மோட்டாருக்கு நேராக லைன் கொடுக்காமல் நடுவில் ஒரு பல்பு வைத்துக் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். அதே கணக்கு இங்கேயும். பேட்டரியை சார்ஜ் போட்டு வந்து, மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு இண்டிகேட்டர் பல்பை வையுங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போது பல்பு எரிந்தால் லீக் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது அணைகிறதோ அந்த லைன்.

மீட்டரையே நடுவில் வைத்து ஆம்பியர் பார்க்கலாமே என்று கேட்டார். பார்க்கலாம், ஆனால் முதல் தடவை வேண்டாம். மறந்து செல்ஃப் பட்டனை அமுக்கினால் நூறு ஆம்பியர் பக்கம் மீட்டர் வழியாகப் போகப் பார்க்கும். என்னிடம் அப்படிச் செத்த மீட்டர் ஒன்று இருக்கிறது, கல்யாண ஆல்பம் மாதிரி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 25, ராத்திரி

பல்பு எரியவில்லையாம். இருட்டில் வைத்தும் பார்த்தாராம். அப்படியானால் லீக் இல்லை. சார்ஜிங் சரியில்லாமல் இருக்கலாம். இந்த வாரம் பேட்டரி மைனஸைக் கழற்றியே வைத்துவிட்டுத் திருப்பூர் போகச் சொல்லியிருக்கிறேன். பேட்டரி தானாக இறங்குகிறதா என்பதாவது தெரியும்.

ஜூன் 27

பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டச் சொல்கிறார். கட்டியாயிற்றாம். ஃபாக் லைட் மாட்டிய அன்றே கட்டியதாம்.

ஜூலை 2, ஞாயிறு

கழற்றி வைத்த பேட்டரி ஒரு வாரம் கழித்து 12.6 காட்டுகிறது. மாட்டி அமுக்கியதும் எடுத்துக்கொண்டது. ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது 14.1, லைட் போட்டு முறுக்கினால் 13.7. சார்ஜிங்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பேட்டரி நன்றாக இருக்கிறது. சார்ஜ் ஏறுகிறது. லீக்கும் இல்லை. ஆனாலும் நிறுத்தி வைத்தால் சாகிறது. இதில் ஏதோ ஒன்று பொய். மூன்றில் இரண்டை மீட்டர் சொல்கிறது, ஒன்றை நான் சொன்ன பல்பு சொல்கிறது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. "பேட்டரியை மாட்டியே வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் பார்ப்போம்" என்று எழுதிவிட்டேன்.

ஜூலை 4

"வைண்டிங் தெரிந்தவர் உங்கள் வண்டிக்கு என்ன லைட் போட்டிருக்கிறீர்கள்" என்று அந்தியூர்க்காரர் கேட்டார். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

என் 100 சி.சி. வண்டியில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, எஞ்சினில் காயில்கள் உட்கார்ந்திருக்கிற காயில் பிளேட்டிலிருந்து நேராக ஏ.சி.யில் எரிவது. அதனால்தான் ஸ்பீடு பிரேக்கரில் வேகம் குறைந்தால் லைட்டும் குனியும், முறுக்கினால் நிமிரும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் லைட் எப்போதும் எரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டதால் இந்தப் பழைய கூத்து இளசுகளுக்குத் தெரியாது. இதில் எல்.ஈ.டி. பல்பு ஒன்றைச் சொருகினேன். (ஆமாம், எல்.ஈ.டி.தான். மூன்று வருஷத்துக்கு முந்தி. அப்போது எதிரே வருகிறவன் கண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.) ஐடிலில் திருவிழா சீரியல் செட் மாதிரி மினுக்கியது. ஏ.சி.யில் பாதி அலைதான் அதற்கு உதவும், மீதிப் பாதியில் அணைந்துவிடுகிறது. சரி என்று லைனை பேட்டரிக்கு மாற்றினேன். பத்து நாளில் பேட்டரி படுத்தது. அந்த வண்டியின் சார்ஜிங் ஹார்ன், இண்டிகேட்டருக்கு மட்டும் அளந்து வைத்தது, ஹெட்லைட்டைத் தாங்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. காயிலின் ஒரு முனையை பிளேட்டிலேயே எர்த் செய்து பற்றவைத்திருப்பார்கள். அதை விடுவித்து, இரண்டு முனைகளையும் வெளியே கொண்டுவந்து, முழு அலையையும் நேராக்குகிற ரெக்டிஃபையருக்குக் கொடுத்தால் பேட்டரிக்கு வேண்டிய அளவு ஏறும். வைண்டிங்காரனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மதியச் சோற்றுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று மேக்னட்டைக் கழற்றினேன். எர்த் முனையை சால்டரிங் அயர்னால் விடுவித்தேன். விடுவிக்கும்போது பக்கத்துக் காயிலில் அயர்ன் முனை லேசாகப் பட்டது. லேசாகத்தான். ஆனால் அது தீப்பொறிக்கான காயில், தலைமுடி மாதிரி வயர்.

எல்லாம் மாட்டி உதைத்தால் வண்டி செத்த எருமை. பிளக்கில் பொறி இல்லை. ஓம் மீட்டரை வைத்தால் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டியது ஒன்றுமே காட்டவில்லை, வயர் அறுந்திருக்கிறது. சரி, நானே சுற்றிவிடுகிறேன் என்று வறட்டுப் பிடிவாதத்தில் பழைய வயரை அவிழ்த்துப் போட்டேன். அவிழ்த்து முடித்த பிறகுதான் உறைத்தது, சுற்று எத்தனை என்று எண்ணவில்லை. என் கடையில் வேலைக்கு வரும் பையனுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான், எரிந்த மோட்டார் வந்தால் முதலில் சுற்றை எண்ணு. அவன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

புது காயில் பிளேட் வாங்கினேன். எர்த் முனையை விடுவிக்கவில்லை. இப்போது அந்த வண்டியில் கம்பெனி போட்ட பல்பு, கம்பெனி போட்டபடி குனிந்து நிமிர்ந்து எரிகிறது.

ஜூலை 5

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் பேட்டரியைக் கழற்றிவிட்டே ஓட்டலாமா என்று ஒருவர். பழைய கிக்கர் வண்டி கிளம்பும், ஓடும். ஆனால் காயிலிலிருந்து வருகிற வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க பேட்டரி இல்லாவிட்டால் பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். வேண்டாம்.

ஜூலை 9, ஞாயிறு

குண்டடத்து வண்டி மறுபடி செத்துக் கிடக்கிறது. 4.8 வோல்ட். தம்பிக்குப் பாவம், வெறுத்துப்போய் எழுதியிருக்கிறார்:

"சீட்டைக் கழட்டிப் பார்த்தனுங்க. மூணு ரிலே வரிசையா ஸ்குரூ பண்ணியிருக்காங்க. கடைசி ரிலே மேல மட்டும் பல்லி எச்சமா கெடக்குதுங்க. அது பட்டு ஷார்ட் ஆகுமுங்களா? போன வாரம்தான் தொடைச்சு வெச்சேன்."

பல்லி எச்சம் ஷார்ட் ஆக்காது தம்பி. பல்லி விழுந்த பலனை வேண்டுமானால் காலண்டரில் பார்த்துக்கொள்ளலாம், ரிலே மேல் விழுந்தால் என்ன பலன் என்று போட்டிருக்க மாட்டார்கள். பேட்டரியை சார்ஜ் போட்டு மாட்டிவிட்டுப் போங்கள், யோசிக்கிறேன்.

ஜூலை 10, விடியற்காலை 3 மணி

தூக்கம் வரவில்லை.

மூன்று ரிலேயும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பல்லி ஏன் ஒன்றின் மேல் மட்டும் போய்ப் படுக்கிறது? ஆனி மாதக் காற்று, சாரல், ராத்திரியில் குளிர். என் கடையில் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஒரு பல்லி எப்போதும் இருக்கும். வெதுவெதுப்பாக இருப்பதால் இருக்கும்.

தம்பி, அந்த ரிலே சூடாக இருக்கிறது. சாவி ஆஃபில்.

ஜூலை 10, கடைக்கு வந்த பிறகு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டியில் கிடந்த இதே மாதிரி ரிலேயின் காயிலை அளந்தால் 85 ஓம். 12 வோல்ட்டில் 0.14 ஆம்பியர். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர்-ஹவர். 14 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நாலே நாளில் காலி. திங்கள் காலை அவர் பஸ் ஏறினால் வியாழன் ராத்திரி வண்டி செத்திருக்கும், ஞாயிறு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அப்படியானால் என் இண்டிகேட்டர் பல்பு ஏன் எரியவில்லை? இதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. அது 10 வாட் பல்பு. அது எரிய 0.8 ஆம்பியர் வேண்டும். 0.14 ஆம்பியரில் அதன் இழை சிவக்கக்கூடச் செய்யாது. ஷார்ட்டைப் பிடிக்கிற வலையை வைத்து லீக்கைத் தேடியிருக்கிறேன், கெண்டைக்குப் போட்ட வலையில் அயிரை நிற்குமா? மோட்டாரிலும் இப்படித்தான். சீரிஸ் லேம்ப் நன்றாக இருக்கிறது என்று சொன்ன மோட்டாரை மெக்கர் (சின்ன லீக்கையும் காட்டுகிற மீட்டர்) வைத்துப் பார்த்தால் ஈரத்தில் லீக் காட்டும். தினம் செய்கிற வேலை. வண்டி என்றதும் மறந்துவிட்டது.

ஜூன் 25இல் நான் சொன்ன சோதனையைச் செய்ய நினைக்கிறவர்கள் இண்டிகேட்டர் பல்பை வைக்காதீர்கள். ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும் 1.7 வாட் குட்டிப் பல்பை வையுங்கள், மங்கலாகவாவது காட்டிக்கொடுக்கும். இருட்டில் பாருங்கள். அதில் எரியவில்லை என்றால் மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் வைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் சாவி ஆஃபில் கிட்டத்தட்ட சைபர் வர வேண்டும்.

ஜூலை 12

தம்பி போனில் சொல்லி, ஊரில் அவருடைய அம்மா சீட்டைத் தூக்கிக் கை வைத்துப் பார்த்திருக்கிறார். "ரெண்டு சில்லுனு இருக்குது கண்ணு, ஒண்ணு மட்டும் அடைக்கு வெச்ச முட்டையாட்டம் இருக்குது." பல்லியும் இருந்ததாம், குதித்து ஓடிவிட்டதாம்.

மீட்டர், சீரிஸ் லேம்ப், ஒரு மாதம், ஒரு பேட்டரி. இதை முதலிலேயே அந்த அம்மாவிடம் விட்டிருக்கலாம்.

ஜூலை 16, ஞாயிறு

இன்று வீடியோ காலில் ஒரு மணி நேரம். டேப்பைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது. ஹெட்லைட்டுக்கான இரண்டு ரிலேயும் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ஃபாக் லைட் ரிலேயில்தான் கோளாறு. அதன் 86ஆம் காலுக்கு நேராக பேட்டரி பிளஸிலிருந்து வயர். 85 எர்த். ஆக அந்த ரிலே பிறந்ததிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஹாண்டிலில் வைத்த சுவிட்ச்சை ரிலேக்குப் பிறகு, 87க்கும் லைட்டுக்கும் நடுவில் போட்டிருக்கிறார்கள். சுவிட்ச்சை அணைத்தால் லைட் அணையும், ரிலே அணையாது. பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். கரண்ட்டைத் தாங்காத சின்ன சுவிட்ச்சைக் காப்பாற்றத்தான் ரிலேயே, அதற்குப் பிறகு மறுபடி அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே லைட்டுக்குக் கரண்ட் போனால் ரிலே எதற்கு? ஃபியூஸும் இல்லை அந்த லைனில். மாட்டினவர் யார் என்றெல்லாம் கேட்காதீர்கள், அவசரத்தில் யாருக்கும் நடக்கும். நான் 87ஏ எழுதினவன்.

பேட்டரி முனையை மாட்டும்போதெல்லாம் சீட்டுக்கு அடியில் 'டிக்' என்று கேட்டிருக்கும், கேட்டதா என்றேன். கேட்டதுங்க, ஸ்பார்க் சத்தம்னு நினைச்சேன் என்றார்.

மாற்றியது: 86க்கு சாவி போட்டால் வருகிற லைன், பின் டெயில் லைட் பிளஸிலிருந்து எடுத்தோம். சுவிட்ச் இப்போது அந்த லைனில். 87இலிருந்து லைட்டுக்கு நேராக வயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ். முறுக்கி டேப் ஒட்டிய இடங்களைப் பிரித்து, வயர் முனையில் மாட்டுகிற தம்பிள் வைத்து அழுத்தி கிரிம்ப் செய்து ஸ்லீவ் போட்டார், அவரே. மாற்றுவதற்கு முன்னால் மீட்டர் 0.14, பிறகு 0.00.

இந்த ஒரு மாதத்தில் அவர் செத்த பேட்டரியோடு எத்தனை தடவை செல்ஃப் அமுக்கியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த எஞ்சினில் பேட்டரி வீக்காக இருக்கும்போது அமுக்கினால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் திருப்பி உதைக்கும், செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு பிடிக்கிற ஸ்ப்ராக் கிளட்ச் உள்ளே அடி வாங்கும். அது போனால் கிளட்ச் பக்கக் கவரைத் திறக்க வேண்டும், பேட்டரி காசெல்லாம் அதற்குப் பக்கத்தில் சில்லறை. இப்போதைக்குச் சத்தம் ஏதும் இல்லை என்கிறார்.

ஜூலை 18

ரிலேயை விட்டு வேறு விஷயம். 87ஏவைப் பிடித்த கோபி அண்ணன் வண்டியும் மக்கர். பிரைட் போட்டால் லைட் மங்குகிறது, ஹார்ன் தவளை மாதிரி கத்துகிறது, நியூட்ரல் விளக்கு கியரில் இருக்கும்போதே மினுக்குகிறது, ஹாண்டிலை இடது பக்கம் ஒடித்தால் சில சமயம் எஞ்சினே நின்றுவிடுகிறது. பிளக் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று.

சம்பந்தமில்லாத விளக்கு மினுக்குகிறதென்றால் பெரும்பாலும் எர்த். ஹெட்லைட்டில் போன கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் அக்கம்பக்கத்து வீடுகள் வழியாகப் புகுந்து வருகிறது. லைட்டைப் போட்டுவிட்டு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை ஹெட்லைட் எர்த் வயரிலும் வைக்கச் சொன்னேன். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 2.3 காட்டியது. வண்டிக்கு ஏதாவது செய்தீர்களா என்றால், போன தை மாதம் சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங் அடித்தாராம். பளபளவென்று எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். பெயின்ட் மேல் போல்ட்டை முறுக்கி வைத்தால் கரண்ட் எப்படி இறங்கும்? உப்புக் காகிதத்தால் இரும்பு தெரியச் சுரண்டி மாட்டியதும் ஹார்ன் அலறுகிறதாம்.

இடது பக்கம் ஒடித்தால் நின்றது வேறு கதை. ஹாண்டில் கழுத்தில் வயர் மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்து, மேலே ரப்பர் மட்டும் நன்றாக இருந்திருக்கிறது. ஐடிலில் விட்டுக் கழுத்துப் பக்கம் வயர் கட்டை அசைத்துப் பார்த்துப் பிடித்துவிட்டார். அது அவராகவே கண்டுபிடித்தது, நான் முதலில் சாவி சுவிட்ச்தான் என்று சாதித்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

குண்டடம்: 12.66 வோல்ட். ஒரு வாரம் மாட்டியபடியே நின்றது. ஒரே அமுக்கு.

பல்லியைக் காணோமாம்.

ஆகஸ்ட் 3, ஆடி 18

நோம்பிக்கு லீவு என்று தம்பி இன்று அப்பாவுடன் கடைக்கே வந்துவிட்டார், தோட்டத்துக் கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு. 5 எச்.பி., ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடி வைண்டிங் கருகியிருந்தது. கடைப் பையன் எதுவும் கேட்காமல் நோட்டை எடுத்து முதலில் சுற்றை எண்ணி எழுதிக்கொண்டான். என்னைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

கூலியில் பேட்டரி காசைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். தம்பி வேண்டாமுங்கண்ணா என்றார். அவருடைய அப்பா குறுக்கே வந்து, "அவரு சொல்றாரல்லொ, உடு" என்று சொல்லிவிட்டு, வேலை ஆகிற வரைக்கும் கடைக்குள் நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனவர் அங்கிருந்தே மகனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, நம்ம பல்லி இங்கெ இருக்குது."